கோயிலுக்கு மரம் பார்க்க வந்தவள்

இன்று காலை ரிங்லெட் டவுனில் இரும்புச் சாமான் கடை முன்னால் ஒரு லோரி மரம் இறக்கிக்கொண்டிருந்தது. கையில் முள்ளங்கிக் கட்டோடு ரோட்டைத் தாண்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கெருயிங் மரத்தின் பிசின் வாசம். சாம்பிராணியும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி இருக்கிறது என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, “மூக்க டாக்டர்கிட்ட காட்டு” என்றாய் நீ. மூடுபனி இன்னும் கலையவில்லை. பலகைகளின் அறுத்த முனைகளில் பிசின் சொட்டுச் சொட்டாக வெளியே வந்து நின்றது. கடைக்காரர், “என்ன டீச்சர், வீடு கட்டப் போறீங்களா?” என்று கேட்டார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உனக்கு எழுத வேண்டும் என்று இத்தனை நாள் தோன்றவில்லை. நாம் எழுதிக்கொள்கிற சிநேகிதிகளாக எப்போதுமே இருந்ததில்லை. போனில் கத்திக்கொள்வோம், அவ்வளவுதான். இன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் முள்ளங்கியைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டேன். உனக்கு நன்றி சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. இருந்த நாளில் நீ சொல்லவே விட்டதில்லை. “நன்றியெல்லாம் வேணாம், தேத்தண்ணி போடு” என்று வாயை அடைத்துவிடுவாய்.

உன் அத்தா ரிங்லெட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். என் அப்பா தோட்டத்துத் தேயிலை ஆலையில் வேலை பார்த்தார். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் நாம் ஒரே பெஞ்சு. உன் வீட்டு ரொட்டியை நான் தின்பேன், என் அம்மாவின் நெத்திலிச் சம்பலை நீ வழித்து நக்குவாய். படிப்பு முடிந்ததும் நான் தோட்டத்திலேயே பாலர் பள்ளி ஆசிரியை ஆனேன். நீ தாப்பாவில் ஒரு மர ஆலை அலுவலகத்துக்கு டைப் அடிக்கப் போனாய். அங்கே மரத்தைத் தரம் பிரிக்கிறவர்கள் கத்தியும் லென்ஸுமாக வெளியே திரிவதைப் பார்த்து, நான் மட்டும் ஏன் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்டாயாம். பயிற்சிக்குப் போனாய், பரீட்சை எழுதினாய், நீயும் கத்தியும் லென்ஸுமாகத் திரும்பி வந்தாய். அந்தப் பக்கத்தில் அந்த வேலையில் இருந்த பெண் நீ ஒருத்திதான்.

முதல் நாளே ஒருவன் உன்னிடம் தேநீர் கொண்டுவரச் சொன்னானாம். கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவன் நல்ல மரம் என்று அடுக்கி வைத்திருந்ததில் கால்வாசியைத் தள்ளுபடி செய்தாயாம். இந்தக் கதையை நீ சொல்லும்போதெல்லாம் அந்தக் கால்வாசி வளர்ந்துகொண்டே போகும். கடைசியாகச் சொன்னபோது முக்காலைத் தாண்டியிருந்தது.

நம் தோட்டத்துப் பழைய கோயில் உனக்கு நினைவிருக்கும். சரிவில், மரத் தூண்கள் மேல் பலகையால் கட்டிய சின்ன மாதா கோயில். ஞாயிற்றுக்கிழமை பூசை. மற்ற நாட்களில் அதே தரையில் பாய் விரித்து என் பாலர் பள்ளி. ஒரு காலையில் பிள்ளைகள் வட்டமாகக் கைகோத்துக் குதித்துக்கொண்டிருந்தபோது தரை ஒரு பக்கமாக இறங்கியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. யாரோ பெருமூச்சு விட்டது போலத்தான் கேட்டது. பீடத்துப் பூச்சாடி உருண்டு வந்து என் காலில் மோதியது. பிள்ளைகள் இதுவும் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் ஒவ்வொருவராகத் தூக்கி வெளியே விட்டேன். கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்ட பிறகுதான் நானும் இறங்கினேன். அடியில் குனிந்து பார்த்தபோது, மேட்டுப் பக்கத்துத் தூண் ஒன்று மண்ணைத் தொடும் இடத்தில் ஊறிய ரொட்டி மாதிரி உதிர்ந்து கிடந்தது.

புதுக் கோயில் கட்டக் குழு போட்டார்கள். நான் செயலாளர். தலைவர் கிராணி ஐயா. தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசீர்வாதம் என்ற அவர் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவர் மனைவி லூர்தம்மா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. உயிரோடு இருந்தவரை அந்தக் கோயிலைப் பெருக்கிப் பூ வைத்தது லூர்தம்மாதான். முதல் கூட்டத்திலேயே கிராணி ஐயா எழுந்து, தூணுக்கும் உத்திரத்துக்கும் வேண்டிய மரம் முழுவதும் தன் பொறுப்பு என்றார்.

“லூர்து பேர்ல குடுக்குறேன். செங்கால்தான் போடணும். வேற பேச்சு இல்ல.”

பின்வரிசையில் கொழுந்தெடுக்கிற பவுலினா அக்கா எழுந்து நின்று, “செங்கல்லுன்னா ரொம்ப சந்தோஷம் ஐயா. கல்லுக் கோயிலப் பூச்சி அரிக்காது லா” என்றாள்.

“செங்கல் இல்லம்மா. செங்கால். மரம்.”

“மரத்துல எப்பிடிங்க ஐயா செங்கல் செய்வாங்க?”

கூட்டம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. உனக்குப் போன் போட்டு இதைச் சொன்னபோது நீயும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தாய். நம் நாட்டுக் காட்டில் விளைவதிலேயே பேர்பெற்ற மரம் செங்கால் என்பது எனக்கும் தெரியும். படகு கட்டுவார்கள், பாலம் கட்டுவார்கள். அதனால் நல்ல செங்கால் எங்கே கிடைக்கும் என்று மட்டும்தான் உன்னிடம் கேட்டேன்.

நீ பதில் சொல்லாமல் கேள்வி கேட்டாய். “மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கும்? தூண மண்ணுல நடப்போறீங்களா, இல்ல கான்கிரீட் மேல நிறுத்தப்போறீங்களா? எந்த எடம் நனைஞ்சு நனைஞ்சு காயும்?”

“எனக்கென்னடி தெரியும்?”

“அப்ப மரத்தப் பத்தி அப்புறம் பேசலாம். மொதல்ல அது எங்க நிக்கப்போகுதுன்னு பாக்கணும். சனிக்கிழம வர்றேன்.”

சொன்னபடியே பழைய வேனில் வந்தாய். சேற்றில் காலை ஊன்றிக் கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தாய். பிறகு என் வீட்டில் உட்கார்ந்து, கிராணி ஐயாவுக்கும் காண்ட்ராக்டர் மணியத்துக்கும் நீ மரங்களைப் பற்றிப் பேசியது, அக்கம்பக்கத்து மனிதர்களைப் பற்றிப் பேசுவது போலவே இருந்தது.

“மரம் முழுசா தண்ணிக்குள்ள கெடந்தாலும் கெடாது, எப்பவும் காஞ்சே இருந்தாலும் கெடாது ஐயா. மண்ணும் காத்தும் சேர்ற எடத்துலதான் உயிர விடும். அங்க நிக்கிறதுக்குச் செங்கால்தான். மருந்து வேணாம், ஒண்ணும் வேணாம். ஆனா கூரைக்கு எதுக்குச் செங்கால்?”

“பாலாவ் போடலாமே, அதுவும் கனமான மரந்தானே?” என்றார் மணியம்.

“போடலாம். நல்ல பலம். வெயில் பட்டா லேசா வெடிப்பு விடும், அது தோல்ல வர்ற சுருக்கந்தான், உள்ள ஒண்ணும் ஆகாது. கெம்பாஸும் பலசாலிதான். ஆனா மருந்து குடுக்காம வெச்சா கரையானுக்கு விருந்து. ஈரத்துல ஆணியவும் தின்னுடும். கெருயிங் மலிவு, நீளமா கெடைக்கும். பிசின் வடியும். அதுல பெஞ்சு செஞ்சீங்கன்னா பூசை முடிஞ்சும் ஒருத்தரும் எழுந்திரிக்க மாட்டாங்க.”

மணியம் தேநீரைச் சிந்திவிட்டார். கிராணி ஐயா சிரிக்கவில்லை. “மெர்பாவ்?” என்றார்.

“அழகான மரம். ஆனா நனைஞ்சா சாயம் விடும் ஐயா. வெள்ளச் சுவத்துல சிவப்பா வழியும். உங்க மாதா சொரூபத்துக்குப் பின்னால வழிஞ்சுதுன்னு வைங்க, அடுத்த வாரமே பஸ் பஸ்ஸா ஜனம் வந்து முட்டி போடும்.”

நான் கிராணி ஐயாவைப் பார்த்தேன். அவர் கோயில் விஷயத்தில் கேலி பொறுக்காதவர். உன்னையே உற்றுப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. “லூர்து இருந்திருந்தா மொத ஆளா அவதான் முட்டி போட்டிருப்பா” என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் மனைவி இறந்த பிறகு அன்றுதான் அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

ஆனாலும் அவர் மனம் மாறவில்லை. எல்லாமே செங்கால்தான் என்று பிடிவாதமாக நின்றார். அது அவர் பிரியம் என்று நீயும் விட்டுவிட்டாய். அவரே மலையிறங்கிப் போய், தெரிந்தவர் மூலம் ஒரு வியாபாரியைப் பிடித்து மரம் வாங்கினார்.

மரம் வந்த நாளை எப்படி மறப்பது? லோரி தேயிலை ஆலை வரைக்கும்தான் வந்தது. அங்கிருந்து தேயிலை நிரைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. ஒவ்வொரு கட்டையும் செத்த யானையைப் போலக் கனத்தது. நம் ஆட்களோடு வங்காளதேசத்துப் பையன்களும் நேப்பாளத்துப் பையன்களும் தோள் கொடுத்தார்கள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் கயிற்றைப் பிடித்தார்கள். வழுக்கிய இடத்தில் ஒருவன் தன் மொழியில் கத்துவான், எல்லாருக்கும் புரியும். கிராணி ஐயா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோயில் மேட்டில் நின்றார். வந்து சேர்ந்த ஒவ்வொரு கட்டையின் மேலும் கையை வைத்து, வாய்க்குள் ஏதோ சொன்னார்.

மறுநாள் நீ வந்தாய். கட்டைகளின் முனையைக் கத்தியால் மெல்லச் சீவி, எச்சிலைத் தொட்டுத் தடவி, லென்ஸைக் கண்ணோடு வைத்துக் குனிந்தாய். முதலில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாய். பாட்டு நின்றது. திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாய். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டாய்.

“பாதி செங்கால் இல்லடி.”

“என்ன சொல்ற?”

“ரெசாக். நிறம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். வா, பாரு. செங்கால்ல இந்த வெள்ளப் புள்ளியெல்லாம் வரிசையா கோடு போட்ட மாதிரி நிக்கும். இதுல பாரு, எறைஞ்சு கெடக்கு.”

பார்த்தேன். லென்ஸுக்குள் இரண்டும் இரண்டு ஊர் போல இருந்தன. அதுவரை ஒன்றாகத் தெரிந்த மரம் அதற்குப் பிறகு எனக்கு ஒருபோதும் ஒன்றாகத் தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற மணியம் குரலைத் தாழ்த்தினார். “விடுங்க லா. அதுவும் கனமான மரம்தானே. பெயிண்ட் அடிச்சு மண்ணுல எறக்கிட்டா யாருக்குத் தெரியும்? பாவம், பெரிய மனுஷன். பொண்டாட்டி பேர்ல குடுத்திருக்காரு. மனசு ஒடஞ்சிடும்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அதே பயம்தான். நீ அவரிடம் கோபப்படவில்லை. “எத்தன வருஷத்துக்குத் தெரியாது அண்ணே?” என்று மட்டும் கேட்டாய். என் பள்ளிப் பிள்ளைகள் வேலியைப் பிடித்துக்கொண்டு நம்மையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அவர்கிட்ட சொல்லணும். எல்லார் முன்னாலயும் வேணாம். வீட்டுக்குப் போவோம். நீயும் வா” என்றாய்.

கிராணி ஐயா தானே தேநீர் கலக்கினார். லூர்தம்மா போன பிறகு அந்த வீட்டில் எந்தத் தம்ளர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. டின்பாலை அளவில்லாமல் ஊற்றியிருந்தார். நீ முகம் சுளிக்காமல் குடித்தாய். சுவரில் லூர்தம்மா படம். பாதி குடித்ததும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாய்.

“ஐயா, நீங்க செங்கால்னு நம்பித்தான் வாங்கினீங்க. அதுல பாதி வேற மரம். ஒங்கள ஏமாத்திட்டாங்க.”

அவர் முதலில் சிரித்தார், நீ விளையாடுகிறாய் என்று. உன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. காது நுனிவரை சிவந்துபோனார்.

“நீ யாரும்மா? எங்க கோயில்ல எந்த மரம் நிக்கணும்னு நீயா சொல்றது? ஒங்க பள்ளிவாசலுக்கு நான் வந்து இப்பிடிச் சொன்னா சும்மா விடுவீங்களா?”

நான் உன் முழங்கையை இழுத்தேன். எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. நீ அசையவில்லை.

“வந்து சொல்லணும் ஐயா. ஒங்களுக்கு மரம் தெரியும்னா கண்டிப்பா வந்து சொல்லணும். அந்தக் கூரைக்குக் கீழதான் எங்க அண்ணன் தொழுக நிப்பான்.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே மழை பிடித்தது. தகரக் கூரையில் அது இரைந்த இரைச்சலில் யாராலும் பேசியிருக்கவும் முடியாது. நீ அந்த ஆறிப்போன தேநீரை எடுத்து மிச்சத்தையும் குடித்தாய். போகிறேன் என்றும் சொல்லவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அவர் மேல் உனக்குக் கோபம் இல்லை என்பது நீ உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பார்களே, அது மாதிரி. நீ ஏன் அப்படி உட்கார்ந்திருந்தாய் என்று பக்கத்தில் இருந்த எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. மழை தணிந்தபோது அவரே பேசினார்.

“எல்லாமே பொய்யா?”

“இல்ல ஐயா. பாதி அசல் செங்கால். அருமையான மரம்.”

“மத்தத லூர்து பேர்ல குடுத்துட்டேன். கைய வெச்சு ஜெபிச்சும் ஆச்சு. திருப்பி அனுப்ப மாட்டேன்.”

“யாரு திருப்பி அனுப்பச் சொன்னா?” என்றாய் நீ. நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாய். “ரெசாக் கெட்ட மரம் இல்ல. ஈர மண்ணுலதான் அதுக்கு ஒத்துக்காது. அசல் செங்கால மேட்டுப் பக்கம், தண்ணி எறங்குற எடத்துல நடுவோம். பள்ளத்துப் பக்கம் கான்கிரீட் கட்டையக் கட்டி, அது மேல ரெசாக் தூண நிறுத்துவோம். மிச்சத்த மேல தூக்குவோம், உத்திரத்துக்கு. பீடத்துக்கு நேர் மேல வரும். எப்பிடிப் பாத்தாலும், மண்ணுக்குள்ள போற மரத்த யாரு பாக்கப்போறா? இத உள்ள வர்றவங்க எல்லாரும் நிமிந்து பாப்பாங்க.”

அவர் லூர்தம்மாவின் படத்தைப் பார்த்தார். பிறகு குடையை எடுத்தார். “அந்த லென்ஸுக் கண்ணாடிய எடுத்துட்டு வா. எனக்குக் காட்டு.”

தூறலில் அவர் முட்டி போட்டு, உன் லென்ஸை வாங்கி, ஒவ்வொரு முனையாகப் பார்த்தார். “இது கோடா நிக்குது. இது எறைஞ்சு கெடக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாலாவது கட்டைக்குப் போகும்போது உன் உதவியே அவருக்குத் தேவைப்படவில்லை. வியாபாரிக்குப் போன் செய்தபோது, தானும் அதை வேறொருவரிடம் அப்படித்தான் வாங்கியதாக அவன் சொன்னான். கிராணி ஐயா அதற்கு மேல் அந்த வழியே போகவில்லை. “நமக்குக் கட்டுற வேல இருக்கு” என்றார்.

கட்டி முடியும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ வந்தாய். நோன்பு மாதத்திலும் வந்தாய். சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் உன் கண்ணில் படாமல் இருக்கச் சோற்றை எடுத்துக்கொண்டு தேயிலைக்குள் போய் ஒளிந்தார்கள். “வெளிய வந்து சாப்பிடுங்க லா! எனக்குப் பசிக்குதுன்னு நீங்க ஏன் பதுங்கணும்?” என்று நீ சத்தம் போட்டாய். தூண்களின் ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்த்தாய். உத்திரம் ஏறிய அன்று கிராணி ஐயா அண்ணாந்து பார்த்தபடி நின்ற இடத்திலிருந்து நகரவேயில்லை. நீ அவருக்கு ஒரு ஸ்டூல் கொண்டுபோய்ப் போட்டாய்.

திறப்பு விழாச் சாப்பாட்டைப் பற்றிக் குழுவில் பேச்சு வந்தபோது அவர் ஒரே வார்த்தையில் முடித்தார். “சமையல் ரிங்லெட்ல அந்தப் பொண்ணோட அண்ணன் கடைதான். நம்ம கோயிலுக்கு மரம் பாத்தவ நம்ம பந்தியில பட்டினியா எழுந்திரிக்கக் கூடாது.” உன்னிடம் அவர் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. திறப்பு விழாவில் போட்ட பிரியாணிதான் அவர் கேட்ட மன்னிப்பு. நீ கடைசி பெஞ்சில் முக்காட்டோடு உட்கார்ந்து பூசை முடியும்வரை உத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு பந்தியில் எல்லாருக்கும் கேட்கும்படி, “எங்கண்ணன் உப்பு போட மறந்துட்டான்” என்றாய்.

மீந்த ரெசாக் துண்டுகளை வைத்து, நீ வேண்டாம் என்று சொல்லியும், மணியம் தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துப் பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு மண்ணிலேயே கால் நட்டார். சில வருடங்களில் அது அடியில் இற்றுச் சாய்ந்தது. மணியமே உனக்குப் போன் போட்டுச் சொன்னார். நீ சிரிக்கவில்லையாம், தொட்டி யார் மேலாவது விழுந்ததா என்றுதான் முதலில் கேட்டாயாம்.

அன்று வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் வளர்ந்து இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். நீ நோயில் விழுந்தாய். ஈப்போ ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்த அந்த வாரம்தான் இங்கே மழை விடாமல் கொட்டியது. ஒரு பிற்பகலில் லயங்களுக்கு மேலே மண் சரிந்தது. நாங்கள் சத்தத்தைக் கேட்டதும் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினோம். எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு சேறு வந்தது. சமையலறைகளை மூடிக்கொண்டு, கோயிலின் மேட்டுப் பக்கத்தில் மோதி, தரைக்கு அடியில் தூண்களுக்கு நடுவே புகுந்து ஓடியது. பிள்ளைகள் அழுதார்கள். நான் மண்டியிட்டு இரண்டு கைகளையும் தரையில் வைத்துப் பார்த்தேன். பலகைக்கு அடியில் கல்லும் சேறும் உரசிப் போவது உள்ளங்கையில் தெரிந்தது. தரை அசையவில்லை.

உனக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

“எல்லாரும் உள்ள இருக்காங்களா?”

“எல்லாரும் இருக்கோம்.”

“தூணு?”

“நிக்குதுடி. எல்லாம் நிக்குது.”

“மேட்டுப் பக்கம் நல்லதாத்தானே போட்டோம், ஸ்டெல்லா?” என்று கேட்டாய்.

“நல்லதாத்தான் போட்டோம்.”

நீ அழுது நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பக்கத்துக் கட்டில்காரம்மா என்ன ஆச்சு என்று கேட்பதும், “ஒண்ணுமில்லக்கா, நல்ல சேதி” என்று நீ சொல்வதும் எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு நீ வீடு திரும்பி, உன் அண்ணன் கடை மாடியறையில் சில வாரங்களே இருந்தாய். உன்னைப் பள்ளிவாசலுக்கு எடுத்துப் போனபோது எங்கள் தோட்டத்து ஜனம் ரோட்டுக்கு எதிர்ப்புறம் வரிசையாக நின்றது. கிராணி ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றித் தூறலில் தலை நனைய நின்றார். உன் அண்ணன் ரோட்டைத் தாண்டி வந்து அவருக்குக் குடை பிடித்தார்.

இந்த மடலில் நான் உண்மையில் சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது. போன மாதம் நடந்தது.

கிராணி ஐயாவுக்குக் கண் மங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் வேத வாசகம் வாசிப்பது அவர்தான் என்பது எங்கள் தோட்டத்தில் எழுதாத சட்டம். இப்போது வரி விட்டு வரி தாவுகிறார். வாசித்ததையே திரும்ப வாசிக்கிறார். இளம் பிள்ளைகள் தலையைக் குனிந்து சிரிக்கிறார்கள். குழுவில், “அவர்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம் டீச்சர், மெதுவா வேற ஆளப் போட்டுடுவோம்” என்றார்கள். அதுவும் இரக்கத்தில் சொன்னதுதான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து நடந்து போய், அந்த இடத்தில் வேறொருவர் நிற்பதைப் பார்ப்பதை நினைத்தேன். அவர் வீட்டுக்குப் போனேன்.

தேநீர் கலக்கினார். இப்போது அளவு பழகியிருந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை. “ஐயா, ஒங்களுக்கு எழுத்து தெரியல. வாசகத்த வேற ஆள் வாசிக்கட்டும்” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. “அப்ப நான் எதுக்குக் கோயிலுக்கு வர்றது?” என்று கேட்டார். உன்னைப் போல அடுத்து என்ன என்று யோசித்து வைத்துக்கொண்டு நான் போகவில்லை. எழுந்துவிடலாம் என்று தோன்றியது. எழவில்லை. உட்கார்ந்திருந்தேன். உன்னிடமிருந்து எனக்கு வந்தது இதுதான். மரங்களின் பெயர்கள் இப்போதே ஒவ்வொன்றாக மறந்துபோகின்றன. சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகு, சொல்லப்பட்டவரைத் தனியே விட்டுவிட்டு ஓடாமல் இருப்பது மட்டும் மறக்கவில்லை. அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெகுநேரம் கழித்து அவர் தம்ளரைத் தடவி எடுத்துக் கீழே வைத்தார்.

“வாசல்ல நிக்கிறேன் டீச்சர்” என்றார். “வர்றவங்க கையப் புடிச்சாப் போதும், யாரு வீட்டுப் புள்ளன்னு சொல்லிடுவேன். இந்தத் தோட்டத்துல எனக்குத் தெரியாத கை இல்ல.”

அடுத்த ஞாயிறே வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டை, வாரிய தலை. பவுலினா அக்காவின் கையைத் தொட்டதுமே பெயரைச் சொன்னார். நேப்பாளத்துப் பையன் ஒருவனின் கையைப் பிடித்து, ஆலையில் எந்த இயந்திரத்தில் வேலை செய்கிறான் என்பதைக்கூடச் சொன்னார். பிள்ளைகள் ஒருமுறை உள்ளே போய், பின்வாசல் வழியாக ஓடிவந்து, குரலை மாற்றிக்கொண்டு மறுபடியும் கை நீட்டினார்கள். அவர் ஒருவரையும் தவறவிடவில்லை.

கடைசியாக நான் போனேன். வாய் திறக்காமல் கையை நீட்டினேன். இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

“டீச்சர், கை சில்லுனு இருக்கே. உள்ள போங்க.”

உள்ளே போனேன்.